மலையைக் குடைந்த மனவுறுதி

பின்வரும் பகுதியை வாசித்துக் கருத்துணர்க.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், தலைமை இரயில் நிலையத்தின் முன்னே ஒரு சிலை நிற்கிறது. சிலையாக நிற்பவர் அரசரும் அல்லர்; போர்வீரரும் அல்லர். இரயில் பாதைகளால் தம் நாட்டை உலகத்தோடு இணைக்கப் பாடுபட்ட அரசியல்வாதி அவர். பெயர் ஆல்ஃப்ரெட் எஷர்.

எஷர் 1819ஆம் ஆண்டு சூரிக்கில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். 1847இல் சுவிட்சர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டே புதிய அரசியலமைப்புச் சட்டம் உருவாகி, பிரிந்து கிடந்த மாநிலங்கள் ஒரே கூட்டரசாயின. அந்தக் கூட்டரசின் முதல் நாடாளுமன்றத்தில் எஷர் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 29. இறக்கும்வரை, 34 ஆண்டுகள், அப்பொறுப்பில் நீடித்தார்.

அக்காலத்தில் ஐரோப்பிய நாடுகள் பலவும் விரைவாக இரயில் பாதைகளை அமைத்துக்கொண்டிருந்தன. சுவிட்சர்லாந்திலோ சூரிக்கிற்கும் பாடனுக்கும் இடையே ஒரு சிறிய பாதை மட்டுமே இருந்தது. பிற நாட்டு இரயில்கள் சுவிட்சர்லாந்தைச் சுற்றிக்கொண்டு சென்றுவிட்டால் நாடு தனித்துப்போய்விடும் என்று எஷர் எச்சரித்தார். 1852இல் நிறைவேறிய இரயில்வே சட்டம், பாதைகளை அமைக்கும் பணியைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. எஷரும் ஒரு நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தினார்.

பாதை அமைக்கப் பொறியியலாளர்கள் வேண்டும், பணமும் வேண்டும். எனவே, கூட்டரசுத் தொழில்நுட்பக் கல்லூரி அமைவதற்கு எஷர் துணைநின்றார். 1855இல் திறக்கப்பட்ட அக்கல்லூரியில்தான் பின்னாளில் அறிவியல் மேதை ஐன்ஸ்டைன் பயின்றார். 1856இல் எஷர் ஒரு பெரிய வங்கியையும் நிறுவினார். அதன்மூலம் இரயில் திட்டங்களுக்கான முதலீட்டை உள்நாட்டிலேயே திரட்ட முடிந்தது.

ஆனால், அரசியல், வங்கி, இரயில்வே ஆகிய மூன்றும் ஒருவரது பிடியில் இருப்பது முறையா என்ற கேள்வியும் எழுந்தது. மக்களுக்கு அதிக உரிமை கேட்டு அவரை எதிர்த்தவர்கள் வலுப்பெற்றனர். 1869இல் சூரிக் மாநிலத்தில் புதிய அரசியலமைப்பே நடைமுறைக்கு வந்தது.

எஷரின் மிகப் பெரிய கனவு கோத்தார்ட் சுரங்கப்பாதை. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்தில் அமைக்கும் திட்டம் அது. 1872இல் வேலை தொடங்கியது. இருபுறமிருந்தும் பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கடும் வெப்பத்திலும் புகையிலும் ஆயிரக்கணக்கானோர் உழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இத்தாலியர். 1875இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, நால்வர் மாண்டனர். விபத்துகளிலும் நோயாலும் மேலும் பலர் உயிரிழந்தனர். கட்டுமானப் பொறுப்பேற்ற லூயி ஃபாவ்ரும் 1879இல் சுரங்கத்தினுள்ளேயே மயங்கி விழுந்து இறந்தார்.

செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. பழி எஷர்மீது விழுந்தது. 1878இல் அவர் பதவி விலக நேர்ந்தது. 1880இல் இருபுறச் சுரங்கங்களும் மலைக்குள் சந்தித்தபோது, அக்கொண்டாட்டத்திற்கு அவரை யாரும் அழைக்கவில்லை. 1882இல் நடந்த திறப்பு விழாவிற்கு அழைப்பு வந்தது. ஆனால், உடல்நலக் குறைவால் அவரால் செல்ல இயலவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

ஏழு ஆண்டுகளுக்குப் பின் சூரிக் நகரில் அவருக்குச் சிலை எழுந்தது. தனிமரம் தோப்பாகாது. எஷரின் தொலைநோக்கு மலைக்கு வழி வகுத்தது. பெயர் தெரியாத தொழிலாளர்களின் கைகளே அவ்வழியைத் திறந்தன.

சிந்தித்து விடையளிக்க:

1. இரயில் பாதை அமைக்கும் பணிக்குக் கல்லூரியும் வங்கியும் ஏன் தேவைப்பட்டன?
2. எஷரை எதிர்த்தவர்களின் வாதம் நியாயமானதா? காரணத்துடன் விளக்குக.
3. ஒரு பெருந்திட்டம் நிறைவேறும்போது யார் யாரை நினைவுகூர வேண்டும்? குழுவில் கலந்துரையாடுக.