அகதிகளின் மனக்காயமும் கூட்டு வைத்தியமும்

(குடும்பங்களுக்கு ஒரு பாடம்)



யுத்தத்திற்குத் தப்பி வந்த ஒரு குடும்பம் நம் தெருவில் குடியேறினால் நாம் என்ன செய்வோம்? சோறு கொடுப்போம், துணி கொடுப்போம். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கே என்னதான் நடந்தது? எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், மனப்பாரம் குறையும்" என்போம். சோறும் துணியும் நல்ல உதவிகள். கேள்வியோ, அன்பினால் கேட்கப்பட்டாலும், ஆறாத புண்ணைக் கீறிவிடக் கூடும். அகதிகளின் மனக்காயம் எத்தன்மையது, பலர் ஒன்றுகூடி அதை ஆற்றுவது எப்படி, அதில் நம்முடைய கடமை யாது என்பவற்றை இந்தப் பாடத்தில் கவனிப்போம்.

1. மனக்காயம் என்பது என்ன?

உயிருக்கு ஆபத்து நேர்ந்ததைக் கண்ணால் கண்டவன், ஆபத்து நீங்கிய பின்பும் அதற்குள்ளேயே வாழ்வதுண்டு. கதவு படீரென்று சாத்தினால் துள்ளி எழுவான். இரவில் தூக்கம் வராது. வந்தாலும் கனவில் பழைய காட்சியே வரும். அதை நினைப்பூட்டும் இடத்தையும் பேச்சையும் விட்டு விலகுவான். சிலர் பெற்ற பிள்ளையின் சிரிப்பும் மனதில் படாதபடி மரத்துப்போவார்கள். இவையெல்லாம் கோழைத்தனமோ சோம்பலோ அல்ல. பேராபத்தைத் தாண்டி வந்த மனித சுபாவம் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி அது.

தப்பி வந்த எல்லோரும் நோயாளிகள் என்று எண்ணவும் கூடாது. பலருக்குக் காலமும், உறவும், நிலையான வீடும், கைக்கு ஒரு வேலையும் கிடைத்தால் மனம் தானாகத் தேறுகிறது. ஆயினும் எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. யுத்தம் நடந்த தேசங்களில் நூற்றுக்கு 22 பேர் ஏதாவதொரு மனநோயால் வருந்துகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கணக்கிட்டது. அத்தனை பேரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பார்க்க எந்த ஏழைத் தேசத்திலும் போதுமான வைத்தியர்கள் இல்லை. ஆகையால்தான் கூட்டு வைத்தியம் அவசியமாயிற்று.

2. ரைனோ காம்பில் நடந்தது

ஆப்பிரிக்காவில் தென் சூடான் 2011 ஜூலை மாதம் சுதந்தரம் அடைந்தது. 2013 டிசம்பரில் அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டது. 2016 ஜூலையில் தலைநகராகிய ஜூபாவில் மறுபடி சண்டை வெடிக்க, லட்சக்கணக்கான ஜனங்கள் எல்லை தாண்டி உகாண்டா தேசத்திற்கு ஓடினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஸ்திரீகளும் குழந்தைகளுமே. உகாண்டாவின் வடமேற்கில் உள்ள ரைனோ காம்ப் என்னும் குடியிருப்பு அவர்களில் பலருக்குப் புகலிடமாயிற்று.

அங்கே 14 கிராமங்களைச் சேர்ந்த 694 பெண்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. அதன் முடிவு 2020-ல் வெளியாயிற்று. எல்லோரும் மனவேதனையால் வருந்தியவர்கள். பாதிக் கிராமங்களில் வாரம் ஒருமுறை, 2 மணி நேரம், 5 வாரம் கூட்டம் நடந்தது. ஒரு கூட்டத்தில் 20 முதல் 30 பெண்கள் வரை உட்கார்ந்தார்கள். அவர்கள் பேசும் ஜூபா அரபு மொழியிலேயே ஒலிப்பதிவு செய்த பாடம் ஓடியது. எழுத்தறியாதவர்களுக்கும் விளங்கும்படி ஒரு படப்புத்தகம் கையில் தரப்பட்டது. நடத்தியவர்களோ மனநோய் வைத்தியர்கள் அல்லர். சில நாள் பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள். மற்றப் பாதிக் கிராமத்தாருக்கு அரை மணி நேர ஆலோசனை மாத்திரம் கிடைத்தது.

அந்தக் கூட்டத்தில் கற்றவை ஐந்து. மனதில் புயல் எழும்போது பாதங்களைத் தரையில் அழுத்தி, மெல்ல மூச்சுவிட்டு, சுற்றிலும் கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் கவனித்து, இவ்விடத்திற்குத் திரும்புவது முதலாவது. கொடிய நினைவு வந்து பிடித்துக்கொண்டால், "இதோ, ஒரு பாரமான எண்ணம் வந்திருக்கிறது" என்று அதற்குப் பெயரிட்டுப் பிடியைத் தளர்த்துவது இரண்டாவது. தனக்கு அருமையானது எதுவோ, அதற்கேற்ப இன்று ஒரு சிறு காரியமாவது செய்வது மூன்றாவது. தன்னிடத்திலும் பிறரிடத்திலும் தயவாயிருப்பது நான்காவது. துக்கத்தோடு மல்லுக்கட்டாமல், அதற்கும் மனதில் ஓரிடம் விட்டு வாழ்வது ஐந்தாவது.

கவனியுங்கள்: தன் கதையைச் சொல்லும்படி அங்கே ஒருத்தியையும் கட்டாயப்படுத்தவில்லை. சும்மா உட்கார்ந்து கேட்டவளும் முழுப் பங்காளியே. மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது, கூட்டத்திற்கு வந்த கிராமத்துப் பெண்களின் மனவேதனை மற்றவர்களுடையதைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. பெரிய அற்புதம் என்று சொல்ல முடியாது. ஆனால் மெய்யான ஆறுதல். துருக்கியில் சிரியா அகதிகளிடையே நோய் வருமுன் காப்பதற்காக நடத்தியபோதும் நல்ல பலன் கிடைத்தது. ஐரோப்பாவின் சில தேசங்களிலோ ஆறு மாதத்திற்குப் பின் வித்தியாசம் காணவில்லை. ஆகவே எவ்விடத்திற்கும் ஒரே மருந்து என்று எண்ணலாகாது.

3. வாய் திறந்து பேசும் கூட்டம்

வேறொரு வகையும் உண்டு. 2005-ல் வடக்கு உகாண்டாவில், யுத்தத்தால் சொந்த ஊரை விட்டு விரட்டப்பட்டு அவேர், உன்யாமா என்னும் முகாம்களில் இருந்த 14 முதல் 17 வயதுள்ள 314 பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு பகுதியார் 16 வாரம் கூடிப் பேசினார்கள். அவர்கள் பேசியது பெரும்பாலும் இன்றைய வாழ்க்கையைப் பற்றியே: இறந்தவருக்கான துக்கம், வீட்டுச் சச்சரவு, தனிமை, மாறிப்போன நிலைமை. இன்னொரு பகுதியார் விளையாட்டிலும் கைவேலையிலும் ஈடுபட்டார்கள். மூன்றாம் பகுதியார் காத்திருந்தார்கள். பேசிய கூட்டத்துச் சிறுமிகளின் மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது. சிறுவர்களிடம் அத்தகைய தெளிவான மாறுதல் தென்படவில்லை. விளையாட்டுக் கூட்டத்திலும் அது காணப்படவில்லை. ஆகவே பேச்சுக்குப் பலன் உண்டு. ஆனால் அது ஒழுங்கோடும், பயிற்சி பெற்றவரின் துணையோடும், தானாக மனம் வந்தும் நடக்க வேண்டும்.

4. சில கேள்விகளும் விடைகளும்

கே: கூடி உட்காருவதால் என்ன பிரயோஜனம்?

வி: தனியே இருப்பவன், "எனக்கு மாத்திரம் புத்தி பேதலித்துவிட்டது" என்று எண்ணி வெட்கப்படுகிறான். பக்கத்தில் இருப்பவருக்கும் தூக்கம் வருவதில்லை என்று அறிந்த நாளில் அந்த வெட்கம் பாதி நீங்குகிறது. அன்றியும், ஊரையும் உறவையும் இழந்தவருக்கு அந்தக் கூட்டமே ஒரு சிறிய ஊராகிறது.

கே: நடந்ததை உடனே கொட்டித் தீர்ப்பது நல்லதல்லவா?

வி: முன்பு அப்படித்தான் பலரும் எண்ணினார்கள். ஆனால் பேராபத்தைக் கண்டவரை உடனே கூட்டி உட்கார வைத்து, நடந்ததை வரிசையாகச் சொல்லச் செய்யும் முறையைக் கையாள வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் அறிவுறுத்தியது. அதனால் நன்மை காணப்படவில்லை. சிலருக்குத் தீங்கும் நேரலாம். தானாகச் சொல்ல வந்தால் பொறுமையோடு கேளுங்கள். சொல்லாவிட்டால் அந்த மௌனத்தை மதியுங்கள்.

கே: கூட்டம் எல்லோருக்கும் போதுமா?

வி: போதாது. உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவரையும், நிஜம் எது பிரமை எது என்று அறியாதவரையும், உண்ணாமல் உறங்காமல் நாளுக்கு நாள் மெலிகிறவரையும் தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்தியாவில் 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசியில் 2022 முதல் தமிழிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது.

5. நம் கடமை

இது எங்கோ ஆப்பிரிக்காவின் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். 1983 முதல் இலங்கை யுத்தத்திற்குத் தப்பி வந்த நம் மொழிக் குடும்பங்கள் இன்றும் தமிழ்நாட்டின் முகாம்களில் வாழ்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஆகையால் வீட்டில் பெரியோரும் சிறியோரும் இவற்றை ஞாபகத்தில் வையுங்கள்.

(அ) என்ன நடந்தது என்று துருவாதீர்கள். இன்று என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

(ஆ) உதவி பெறுகிறவராக மாத்திரம் அவர்களை வைக்காதீர்கள். சமையலிலோ, தையலிலோ, பாட்டிலோ, விழா வேலையிலோ ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பிறருக்குப் பயன்படுகிறோம் என்ற உணர்வும் மருந்துதான்.

(இ) திருவிழா வேட்டுப் போடுமுன் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். நமக்குக் கொண்டாட்டமாகிய சத்தம் அவர்களுக்குக் குண்டுச் சத்தமாகக் கேட்கலாம்.

(ஈ) நம்பிச் சொன்னதை அடுத்த வீட்டில் சொல்லாதீர்கள். இரகசியம் காக்கப்படாத இடத்தில் எந்தக் கூட்டமும் யாரையும் தேற்றாது.

(உ) ஒரே நாளில் அன்பைப் பொழிந்துவிட்டு மறைந்துபோகாதீர்கள். வாரம் ஒருமுறை, சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் போய் நில்லுங்கள். எல்லாம் ஒரே இரவில் பறிபோனவருக்கு, தவறாமல் வருகிற ஒரு மனிதனே பெரிய தைரியம்.

மனதைக் குணமாக்கும் வித்தை நம்மில் அநேகருக்குத் தெரியாது. பாய் விரித்துப் பக்கத்தில் உட்காரவோ எல்லோருக்கும் தெரியும். இந்த வாரமே, உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் அந்தக் குடும்பத்தோடு தொடங்குங்கள்.