மாப்பிள்ளையைப் படுக்க விடாதே!

சென்னையில் கிட்னி மாற்றி, மாப்பிள்ளையைப் போர்ட் பிளேருக்குக் கூட்டி வந்தாயிற்று. கிரியாட்டினினும் இறங்கிவிட்டது. ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க உன் தோளைப் பிடிக்கிறார் என்கிறாயே, தங்கச்சி, அது பெரும்பாலும் தொடைத் தசை கரைந்ததன் வேலை. டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவை.

டயாலிசிஸ் காலத்திலேயே பசியில்லாமல் தசை தேயத் தொடங்கியிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கை. கூடவே பிரெட்னிசோலோன், இந்த ஸ்டீராய்டு முதலில் கைவைப்பது இடுப்பிலும் தொடையிலும்தான். முகம் உப்பி, எடையும் ஏறுவதால் பார்க்கிறவர்கள் “தேறிட்டாரே” என்பார்கள். ஏறுவது கொழுப்பும் நீரும். அதற்காக மாத்திரையை நீயாகக் குறைத்துவிடாதே. குறைப்பது டாக்டர் வேலை.

எடை மெஷினை விட நாற்காலியை நம்பு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லி, விநாடியை எண்ணு. 15 விநாடிக்கு மேல் போனால் தொடையில் வலு குறைவு என்று அர்த்தம். பயிற்சியும் இதேதான். காலையும் மாலையும் ஐந்தாறு தடவை, முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல். தையல் ஆறும் வரை, அதாவது 6 முதல் 8 வாரம், கனம் தூக்கக் கூடாது. தண்ணீர் விடும் நேரத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு இவர்தான் முதலில் ஓடுவார், கறாராகத் தடுத்துவிடு.

மெரினா பார்க்கில் நடக்கட்டும், வெயில் தாழ்ந்த பிறகு. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை தின்பவர்களுக்கு வெயிலால் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் வராந்தாவே போதும். சேற்றில் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. நம் தீவுகளில் எலிக்காய்ச்சல் பழைய எதிரி. ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று ஒரு காலத்தில் மிரட்டியதும் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

சாப்பாட்டில்தான் நம் வீடுகளில் கோட்டை விடுகிறோம். டயட் என்றாலே கஞ்சி! ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் வாரங்களில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20. சூரை கிடைக்கிற ஊரில் பவுடர் டப்பா எதற்கு? நன்றாக வேக வை, அவ்வளவுதான். பிறகு அளவைக் குறைக்கச் சொல்வார்கள், கேட்டுக்கொள். பம்ப்ளிமாஸ் வேண்டவே வேண்டாம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அந்த மாத்திரை பொட்டாசியத்தையும் கூட்டும் என்பதால் ரிப்போர்ட் பார்க்காமல் இளநீரும் கூடாது.

காய்ச்சல், சிறுநீர் குறைவு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீரென்று கை கால் சோர்வு என்றால் அன்றைக்கே ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்குப் போ. சென்னை டாக்டருக்குப் போன் அங்கிருந்தே போட்டுக்கொள்ளலாம்.

“இனி நான் நோயாளிதானே” என்று இழுத்தால், உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கென்றே உலக விளையாட்டுப் போட்டி 1978-லிருந்து நடக்கிறது என்று சொல். ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள்.

செக்கப்புக்குச் சென்னைக்குக் கப்பலில் போவதானால் மூன்று நாளும் பங்க்கில் சுருண்டுவிடுவார். கடல் அமைதியாக இருக்கும்போது டெக்கில் நடக்க வை, கைப்பிடியை விடாமல். வானிலையால் கப்பல் தள்ளிப்போகும். பத்து நாள் மாத்திரை கூடுதலாகக் கைப்பையிலேயே இருக்கட்டும், அந்த விநாடிக் கணக்கு எழுதிய நோட்டோடு.