அஜினோமோட்டோவும் மூலிகைச் சாறும்: குழந்தைப்பேறு பற்றிய நம்பிக்கைகள்

நம்பிக்கை: அஜினோமோட்டோ சேர்த்த உணவு குழந்தைப்பேற்றைக் கெடுக்கும்.

உண்மை: அஜினோமோட்டோ என்பது மோனோசோடியம் குளூட்டமேட்டின் வணிகப் பெயர். அதைப் பற்றிய இந்த அச்சத்துக்கு 1969இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஓல்னி வெளியிட்ட கட்டுரை முக்கிய காரணம். பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளின் தோலுக்கடியில் அவர் இந்த உப்பை ஊசி மூலம் செலுத்தினார். மூளையின் ஹைப்போதலாமஸில் நரம்பணுக்கள் அழிந்தன. வளர்ந்தபின் எலிகள் உடல் பருத்தன. பெண் எலிகள் கருத்தரிக்கவில்லை. இனப்பெருக்க ஹார்மோன்களுக்கான ஆணை ஹைப்போதலாமஸிலிருந்தே புறப்படுவதால் இதில் வியப்பில்லை. ஆனால் ஊசியில் ஏறுவது வேறு, சோற்றோடு போவது வேறு. உணவிலுள்ள குளூட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடலின் செல்களே தம் ஆற்றலுக்காகச் செலவழித்துவிடும்; இரத்தத்தை எட்டுவது சொற்பம். தக்காளியிலும் தாய்ப்பாலிலும் இருப்பது இதே குளூட்டமேட்தான்.

2017இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை மறுபடி ஆராய்ந்தது. அது அடிப்படையாகக் கொண்ட ஆய்வில், எலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3,200 மில்லிகிராம் வரை கொடுத்தும் தீங்கு தெரியவில்லை. அதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கான 30 மில்லிகிராமை மனிதருக்கு நாள் வரம்பாக வைத்தார்கள்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.8 கிராம். பாக்கெட் உணவை அதிகம் தின்னும் குழந்தைகள் இந்த வரம்பைத் தாண்டக்கூடும் என்றும் ஆணையம் எச்சரித்தது. ஆகவே அளவைக் கவனிப்பது நியாயம். எப்போதோ கையேந்தி பவனில் சாப்பிட்ட ஃப்ரைடு ரைஸைக் காட்டி, குழந்தைக்காக ஏங்கும் தம்பதியர்மேல் பழி போடுவது நியாயமல்ல.

நம்பிக்கை: அஜினோமோட்டோவின் நஞ்சை மூலிகைச் சாறு முறிக்கும் என்று ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள்.

உண்மை: எலியில் காட்டியிருக்கிறார்கள். இவ்வகை ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் நடக்கின்றன. ஆண் எலிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அஜினோமோட்டோ உப்பை மட்டும் மிகுந்த அளவில் கொடுப்பார்கள். இன்னொன்றுக்கு அதோடு இஞ்சி, பச்சைத் தேயிலை, மாதுளை போன்ற ஏதோவொன்றின் சாற்றையும் புகட்டுவார்கள். சில வாரம் கழித்து விந்தணுக்களை எண்ணினால், சாறு பெற்ற குழுவில் சேதம் குறைந்திருக்கும். இதற்குக் காரணம் உண்டு. விந்தணுவின் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பமிலங்கள் நிறைய. அதைத் தடுக்கும் நொதிகளோ குறைவு. தாவரங்களின் பாலிஃபீனால்கள் அந்த இடத்தில் கைகொடுக்கின்றன.

ஆனால் உடல் எடையில் கிலோவுக்குக் கிராம் கணக்கில் இந்த உப்பைத் தினமும் விழுங்கும் மனிதர் யாருமில்லை. அடர்த்தியாக்கிய சாற்றுக்கும் சமையலில் போடும் ஒரு துண்டு இஞ்சிக்கும் அளவில் ஒப்பே கிடையாது. எலியில் பலித்தது மனிதரிடம் பலிக்கும் என்பதும் உறுதியில்லை. ஆக்சிஜனேற்றத் தடுப்பு உள்ளிட்ட காரணங்களுக்காகத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆண்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டு வந்தன. குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதியரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. ஆறு மாதம் அவற்றை உட்கொண்ட ஆண்களின் மனைவியருக்குக் குழந்தை பிறந்த விகிதம் கூடவில்லை; வயிற்றுக் கோளாறுதான் கூடியது.

நம்பிக்கை: பலன் இல்லாவிட்டாலும் செடிச் சாறு கெடுதல் செய்யாது.

உண்மை: விந்தணுவை அழிக்கும் செடிப்பொருள்களும் உண்டு. பருத்தி விதையிலுள்ள காஸிபால் அப்படிப்பட்டது. 1970களில் சீனாவில் அதை ஆண் கருத்தடை மருந்தாக 8,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் சோதித்தார்கள். விந்தணு உற்பத்தி நின்றது. மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு அது திரும்பவே இல்லை. வேப்பெண்ணெய்க்கும் பப்பாளி விதைச் சாற்றுக்கும் கருத்தடைத் தன்மை இருப்பதை இந்திய ஆய்வுகளே காட்டியுள்ளன. ‘ஆண்மைக்கு’ என்று இங்கே கூவி விற்கப்படும் அசுவகந்தாவை, பாலியல் ஹார்மோன்கள் மீதும் தைராய்டு மீதும் அதற்குள்ள விளைவை எண்ணி 2023இல் டென்மார்க் தடை செய்தது.

நம்பிக்கை: எல்லாச் சேர்ப்பொருளும் ஒன்றுதான்.

உண்மை: அனுமதி பெற்ற சேர்ப்பொருள் வேறு, கலப்படம் வேறு. பஞ்சுமிட்டாயில் கலந்த ரோடமைன்-பி துணிச்சாயம். 2024 பிப்ரவரியில் அது கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு தடை செய்தது. பிரெட் மாவில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டுக்கு இந்தியாவில் 2016இல் தடை வந்தது. இவற்றுக்கு மாற்றுச்சாறு தேடுவதில் பொருளில்லை. உணவிலிருந்து அவற்றை அகற்றுவதே வழி.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காத தம்பதியரில் இருவரையும் சோதிக்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். ஆணுக்கு முதல் சோதனை விந்துப் பரிசோதனை, எளியது, செலவும் குறைவு. விரைப்பை நரம்புச் சுருட்டு, ஹார்மோன் குறை, தொற்று என அதைத் தொடரும் சோதனைகளில் பிடிபடும் பல காரணங்களுக்கு மருத்துவம் இருக்கிறது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதமாகும் என்பதால் எந்தச் சிகிச்சையின் பலனும் அதற்குப் பிறகே தெரியும். சூரணம் ஒன்று மாற்றி ஒன்றாகக் கடக்கும் மாதங்களில், பெண்ணின் கருமுட்டைகள் குறைந்துகொண்டே போகின்றன.