வாய் காய்ந்தால் வாசம் மாறும்

தங்கச்சி,

போன ஞாயிறு தேக்கா உணவங்காடியில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோமே, நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் டிஷ்யூவை எடுத்து உதட்டருகே பிடித்தாய். பக்கத்து மேசையில் ஆட்கள் இருந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கை எனக்குப் பழக்கமான கை. டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த காலத்தில் அம்மா, பேரன் மடியில் ஏறினால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார். "கிட்ட வராதடா, பாட்டி வாய் நாறும்" என்பார். இரண்டு வேளையும் தவறாமல் பல் தேய்த்தவர் அவர். தேய்ப்பில் ஒரு குறையும் இல்லை. வாயில் எச்சில்தான் இல்லை. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. உனக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது.

எச்சில் என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்போம். எச்சில் தட்டு, எச்சில் கை என்று ஒதுக்கித்தான் பழக்கம். ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் அந்த நீர்தான் வாயை ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கிறது. உணவுத் துணுக்கை அடித்துச் செல்கிறது, புளிப்பைத் தணிக்கிறது, பல்லுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பக் கொடுக்கிறது. அது குறைந்தால் நாக்கின் பின்பக்கம் படிந்திருக்கும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அவை புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகின்றன. அழுகிய முட்டையில் வருமே, அதே வாயுவும் அதில் ஒன்று. காலையில் எல்லோர் வாயும் நாறுவதற்கும் இதுதான் காரணம்: தூக்கத்தில் எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும். உனக்கு அந்தக் காலை நேரம் நாள் முழுக்க நீள்கிறது, அவ்வளவுதான்.

உனக்கு வறட்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மேரி பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் தின்று பார். தொண்டையில் அடைத்து, குவளையைத் தேடினால் வறட்சி இருக்கிறது என்று வைத்துக்கொள். பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுவது, இரவில் தண்ணீருக்காக எழுவது, உதட்டோரம் வெடிப்பது, காரம் முன்னைவிட அதிகமாக எரிவது, இவையும் அடையாளங்கள்தான். வாசம் இருக்கிறதா என்பதை உள்ளங்கையில் ஊதிப் பார்த்தால் தெரியாது. நாக்கு வழித்த தகட்டை ஒரு நிமிடம் கழித்து முகர்ந்து பார்; அல்லது என்னைக் கேள், நான் உண்மையைச் சொல்வேன்.

உனக்கு ஏன் வருகிறது என்று யோசித்தால், முதலில் சர்க்கரை நோய்தான். அறுபது வயது தாண்டிய சிங்கப்பூர் இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு நீரிழிவு என்று 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னபோது, நம் வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும், உடம்பு காயும், வாயும் காயும். எச்சிலிலும் சர்க்கரை கூடும். ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும், அந்தச் சீழும் நாறும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும், இது இரு பக்கமும் வெட்டும் கத்தி. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறக்குறைய 0.4 விழுக்காட்டுப் புள்ளி இறங்கியதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு மாத்திரை செய்கிற வேலையில் ஏறக்குறைய பாதி இது. கண்ணையும் பாதத்தையும் வருடா வருடம் காட்டுகிறோம், பல்லை மட்டும் வலி வந்தால்தான் காட்டுவோம். என் பெரிய மனத்தாங்கல் இதுதான்.

அடுத்தது மாத்திரைகள். இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. வாயைக் காயவைக்கும் மருந்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மூக்கு ஒழுகினால் போடும் குளோர்ஃபெனிரமின், கால் எரிச்சலுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், கால் வீக்கத்துக்கான நீர் மாத்திரை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள். ஒன்று போட்டால் தெரியாது. மூன்று நான்கு சேர்ந்தால் நாக்கு மரக்கட்டை ஆகிவிடும். நீயாக எதையும் நிறுத்தாதே. ஆனால் பாலிக்ளினிக்கில் எடுத்ததையும் மருந்துக்கடையில் வாங்கியதையும் ஊரிலிருந்து வந்ததையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டு. அம்மாவுக்கு ஒரு இரவு மாத்திரையை மாற்றிக் கொடுத்ததிலேயே பாதி வறட்சி போனது.

இனி காலையிலிருந்து ராத்திரி வரைக்குமான வேலைகளைச் சொல்கிறேன்.

எழுந்ததும் நாக்கு வழி. நம் வீடுகளில் இது தாத்தா காலத்துப் பழக்கம், நடுவில் நாம் விட்டுவிட்டோம். முஸ்தபா கடையில் எஃகிலும் செம்பிலும் வளைத்த தகடு கிடைக்கும். நுனியை மட்டும் வழித்தால் பயன் இல்லை. நாற்றம் உட்கார்ந்திருப்பது பின்னால். நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே பின்னிருந்து முன்னுக்கு மெதுவாக இழு. மூச்சை விடும்போது ஓங்கரிப்பு குறையும். மூன்று நான்கு இழுப்பு போதும், ரத்தம் வரும் அளவுக்குச் சுரண்டாதே. பற்பசையில் ஃபுளூரைடு இருக்கிறதா என்று அட்டையில் பார். நுரை அதிகம் வரும் பசை எரிந்தால், நுரைப் பொருள் இல்லாத பசையைக் கேட்டு வாங்கு. தேய்த்த பின் நுரையைத் துப்பு, தண்ணீர் விட்டு அலசாதே. அலசினால் ஃபுளூரைடு அத்தனையும் தொட்டியோடு போய்விடும்.

நீ பையில் வைத்திருக்கிறாயே, அந்த நீல நிற வாய் கொப்பளிக்கும் மருந்து, அதில் ஆல்கஹால் இருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் ஜிலுஜிலு, பிறகு முன்னைவிட வறட்சி. அதை விட்டுவிடு. ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி ஆப்பச் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து கொப்பளித்துத் துப்பு. செலவே இல்லை, புளிப்பும் தணியும். நல்லெண்ணெய் கொப்பளிப்பது பற்றியும் கேட்பாய். வாய்க்கு வழுவழுப்பாக இருக்கும், செய்வதானால் செய். பல் தேய்ப்பதற்குப் பதிலாகச் செய்யாதே. விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வேண்டவே வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்காமல் ஒவ்வொரு மிடறாக வாயில் சுழற்றி விழுங்கு. ஒன்றை மறக்காதே: எம்ஆர்டி ரயிலிலும் நிலையத்திலும் தண்ணீர் குடித்தாலும் மிட்டாய் போட்டாலும் விதிமீறல்தான், 500 வெள்ளி வரை அபராதம். ஆகவே லிட்டில் இந்தியா நிலையத்தில் கேட்டைத் தட்டுவதற்கு முன் நின்று, இரண்டு மிடறு குடித்து, வாயை நனைத்துக்கொண்டு உள்ளே போ. மருந்துக்கடைகளில் வாய் வறட்சிக்கென்றே ஜெல்லும் தெளிப்பானும் விற்கிறார்கள். அலுவலகத்துக் குளிர்சாதனத்தில் நாள் முழுக்க உட்காருபவளுக்கு அது வீண் செலவு இல்லை.

வேறு ஊரென்றால் மருத்துவர் முதலில் சொல்வது, சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லு என்பதுதான். மென்றால் எச்சில் ஊறும். நம் ஊரில் அதற்கும் ஒரு கதை உண்டு. 1992-ல் சூயிங்கம் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தார்கள். அமெரிக்காவோடு செய்த வர்த்தக உடன்பாட்டை ஒட்டி 2004-ல் கொஞ்சம் தளர்த்தி, பல் நலத்துக்கான சூயிங்கத்தை மருந்தாளரும் பல் மருத்துவரும் விற்கலாம் என்றார்கள். அதனால் கடைத் தட்டில் தேடாதே; உள்ளே இருக்கும் மருந்தாளரிடம் போய்க் கேள். ஜோகூர் போய்விட்டு வரும்போது பையில் போட்டு வருவது சட்டப்படி தவறு. சூயிங்கம் சரிப்படாவிட்டால் சைலிடால் மிட்டாய் நல்லது. அளவுக்கு மேல் போட்டால் வயிற்றால் போகும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வை, அதற்கு அது விஷம்.

சாப்பாட்டுக்கடைக் கல்லாவில் கிண்ணத்தில் இருக்கும் கலர் சோம்பை அள்ளிப் போடுகிறாயே, அது முழுக்கச் சீனிப் பூச்சு. காய்ந்த வாயில் சீனி ஒட்டினால் கழுவிவிட எச்சில் கிடையாது, ஈறோரமாகப் பல் சொத்தையாகும். வெறும் சோம்பு, ஒரு ஏலக்காய், ஒரு கிராம்பு போதும். புளிப்பு மிட்டாயும் எலுமிச்சைத் துண்டும் எச்சிலை வரவழைக்கும், உண்மைதான், ஆனால் பல் மேற்பூச்சை அரித்துவிடும். காப்பிக்கடையில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் என்று சொல்லிப் பழகு. ரோஜாப் பாகு கலந்த பண்டோங்கை மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டு உட்காராதே. 2022 முடிவிலிருந்து போத்தல் பானங்களில் ஏ-யிலிருந்து டி வரை நியூட்ரி-கிரேட் எழுத்து போடுகிறார்கள். டி என்று கண்டால் வைத்துவிடு.

வெற்றிலை பாக்கு பற்றி மாமியாரிடம் நீதான் பேச வேண்டும். கேம்பல் லேனில் வாங்கிவந்து, "வாய் மணக்கும்" என்று போடுகிறார். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேர்க்காவிட்டாலும். வெற்றிலையை மட்டும் ஏலக்காயோடு மெல்லச் சொல்லிப் பார்.

நம் சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டியது தனி. அவர் டயாலிசிஸ்காரர், நான் மேலே தண்ணீர் பற்றிச் சொன்னதை அவரிடம் சொல்லிவிடாதே. அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மருத்துவமனை அளந்து கொடுத்திருக்கும். அந்த அளவில் கொஞ்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றிச் சின்னச் சின்னக் கட்டியாக உறைய வை. ஒரு கட்டி வாயில் கிடந்தால் ஒரு மிடறு தண்ணீரைவிட நெடுநேரம் நனைக்கும். கட்டியும் கணக்கில் சேரும், மறக்க வேண்டாம். கொப்பளித்துத் துப்பினால் கணக்கில் வராது, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். தாகத்தைக் கிளப்புவது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்த வாரத்திலேயே அம்மா தண்ணீர் கேட்பது குறைந்தது. வாய் காய்கிறதே என்று பாசத்தில் யாராவது இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் கெட்டவருக்கு இதயத்தையே பாதிக்கும். அவர் மூச்சில் அமோனியா போல ஒரு வாடை அடிப்பது ரத்தத்தில் யூரியா ஏறுவதால். அதற்கு எந்தப் பற்பசையும் பதில் சொல்லாது. முன்பில்லாமல் திடீரென்று கூடினால் டயாலிசிஸ் தாதியிடம் சொல்லச் சொல்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு பஃப் இழுப்பவர்கள் இழுத்ததும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரலாம். பல் செட்டு போட்டிருப்பவர்கள் இரவில் கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். கண்ணும் சேர்ந்து மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் மருத்துவரிடம் அதையும் சொல்லு. ஷோகிரென் என்று ஒரு நோய் இருக்கிறது, உடம்பே தன் எச்சில் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்கும், பெண்களுக்குத்தான் அதிகம் வரும்.

இதை மட்டும் மனதில் நன்றாகப் பதித்துக்கொள். மூச்சில் அதிகமாகப் பழுத்த பழ வாசமோ நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசமோ வந்து, கூடவே வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு, தடுமாற்றம் இருந்தால் அது வாய்ப் பிரச்சினை கிடையாது. ரத்தத்தில் கீட்டோன் ஏறிவிட்டது. உடனே 995 கூப்பிடு. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மீட்டரில் சர்க்கரை அவ்வளவு ஏறாமலேகூட இது வரலாம். புரட்டாசி விரதமோ நோன்போ இருப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்கச் சொல்வது இதனால்தான்.

பல் மருத்துவரிடம் போக யோசிக்காதே. உன் மாமியாரிடம் இருக்கும் நீல நிற சாஸ் மருத்துவ உதவித் திட்ட அட்டைக்குத் தனியார் பல் மருந்தகத்திலும் கட்டணக் கழிவு உண்டு, ஆரஞ்சு அட்டைக்கும் உண்டு. பல பாலிக்ளினிக்குகளில் பல் பிரிவு இருக்கிறது. சிக்கலானால் ஊட்ரமில் இருக்கும் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கு அங்கிருந்தே எழுதிக் கொடுப்பார்கள். வறட்சி உள்ளவர்களுக்கு அதிக ஃபுளூரைடு உள்ள பசை எழுதித் தருவதும் உண்டு, கேட்டுப் பார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் பேச்சு வராது, எனக்குத் தெரியும். அம்மா மூன்று தடவை போய்விட்டு ஒன்றும் சொல்லாமலே திரும்பி வந்தார். "வாய் நாறுது" என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், "டாக்டர், ராத்திரி தண்ணிக்காக எழுந்திரிக்கிறேன், பிஸ்கட் முழுங்க முடியல" என்று சொல். அது போதும். மீதியை அவரே கேட்பார்.