இயங்கும் கணனியில் பென் டிரைவைச் செருகும்போது

ஆனையிறவை அண்டிய ஊர்களில் பல குடும்பங்கள் 2008, 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வுகளில் காணி உறுதிகளையும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் இழந்தன. பின்னர் கந்தோர் கந்தோராக அலைந்து பெற்ற பிரதிகளைச் சிலர் இன்று பென் டிரைவில் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே, அந்தச் சிறு கருவியைக் கணனியில் பொருத்தும் முறையை அறிந்திருப்பது எல்லோருக்கும் நல்லது.

பென் டிரைவுக்குள் பற்றரி இல்லை. கணனியில் செருகும் அந்தக் கணத்திலேயே அதற்கு மின் கிடைக்கிறது. பழைய அச்சுப்பொறிகளின் தடித்த வடங்களைப் பொருத்துமுன் இரு பக்கத்தையும் நிறுத்த வேண்டியிருந்தது. 1996இல் வெளிவந்த யூ.எஸ்.பி. முறையோ, கணனி இயங்கும்போதே பொருத்துவதற்கென வகுக்கப்பட்டது. அதை வகுத்தவர்களுள் முக்கியமானவர், இந்தியாவில் பிறந்த இன்ரெல் நிறுவனப் பொறியியலாளர் அஜய் பட்.

பாதுகாப்பு எங்கே இருக்கிறது? வழமையான நீள்சதுரச் செருகியின் உள்ளே பாருங்கள். நான்கு தகடுகள் தெரியும். ஓரத்து இரண்டும் நீளமானவை, அவை மின்னுக்குரியவை. நடுவில் உள்ள இரண்டும் குட்டையானவை, அவை தரவுக்குரியவை. நேராகச் செருகினால் முதலில் மின்னும், பிறகு தரவும் தொடும். மின் பெறாத சில்லுக்குள் தரவு வழியாக மின்னோட்டம் புகுந்தால் சில்லு பழுதாகலாம். அதைத் தடுக்கவே இந்த ஒழுங்கு.

அடுத்தது அளவு. யூ.எஸ்.பி. 2.0 விதிப்படி, புதிதாக வந்த கருவி 5 வோல்ற்றில் 100 மில்லி அம்பியர் வரையே எடுக்கலாம். தொடர்பு நிலைக்கக் கணனி குறைந்தது 100 மில்லி செக்கன் பொறுத்திருக்கும். பின்னர் கருவி யார், அதற்கு எவ்வளவு மின் தேவை என்று விசாரிக்கும். இணங்கிய பின்பே 500 மில்லி அம்பியர் வரை எடுக்கலாம். 1990களின் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வன்னி மக்களுக்கு இது எளிதில் விளங்கும். மிதிப்பவரின் பலத்துக்கு மேல் கேட்டால் வானொலி ஓய்ந்துவிடும். கணனியின் பலத்துக்கும் எல்லை உண்டு.

கவனிக்க வேண்டியவை:

1. நேராக, முழுவதுமாகச் செருகுங்கள். சரித்தோ அரைகுறையாகவோ செருகினால் தகடுகள் தொட்டும் விட்டும் நிற்கும்.

2. உப்பளக் காற்றில் உப்பும் ஈரமும் படிந்தால் தகடுகள் அரிக்கும். அவற்றுக்கிடையே மின்னும் கசியும். செருகியை மூடி வையுங்கள். நனைந்தால் நன்றாக உலர்ந்த பின்பே பொருத்துங்கள்.

3. சுழலும் தட்டுள்ள வன்தட்டு, தொடங்கும்போது கூடுதல் மின் கேட்கும். கணனி தள்ளாடினால், தனி மின்வழங்கியுள்ள இணைப்புப் பெட்டி வழியாகப் பொருத்துங்கள்.

4. தனி மின்னில் இயங்கும் அச்சுப்பொறியையும் கணனியையும், புவித்தொடுப்புள்ள ஒரே பலகையில் இணையுங்கள்.

5. வேலை முடிந்ததும், கழற்றுவதற்கான கட்டளையைக் கணனிக்குக் கொடுத்த பின்பே இழுங்கள். எழுதி முடியுமுன் இழுத்தால் பதிவு கெடும்.

குழுவாகப் பேசுவதற்கு: உங்கள் சங்கத்தின் கணக்குகளும் குடும்பப் பத்திரங்களும் ஒரே ஒரு கருவியில்தான் இருக்கின்றனவா? இரண்டாவது பிரதியை எங்கே, யாருடைய பொறுப்பில் வைக்கலாம்?