காலி வீட்டிலிருந்து தொடங்கு

நாகர்கோவில்,
சித்திரை 5

அன்பு மகளுக்கு,

பொன்முடி தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் குழுவில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்று போனில் சொன்னபோது எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. டிப்ளமா முடித்த ஆறாவது மாதத்தில் இப்படியொரு வேலை. “நாலு பக்கம் செக்லிஸ்ட் தந்திருக்காங்க பெரியப்பா, அதுல இல்லாதது ஏதாவது உண்டா?” என்று கேட்டாய். உண்டு. போனில் சொன்னால் நிற்காது என்றுதான் எழுதுகிறேன்.

அந்த நாலு பக்கத்தில் சுவர், கூரை, கரண்ட், கக்கூஸ் எல்லாம் இருக்கும். எல்லாவற்றையும் வீட்டு எண் போட்டுத் தனித்தனியாகக் கேட்டிருப்பார்கள். லயத்தை அப்படிப் பார்த்தால் பாதிதான் கண்ணில் படும். ஆறு குடும்பம் இருக்கட்டும், பத்துக் குடும்பம் இருக்கட்டும், அதற்குக் கூரை ஒன்று, அடிமானம் ஒன்று. இரண்டு வீட்டுக்கு நடுவில் நிற்கும் சுவர் இரண்டு வீட்டுக்கும் சொந்தம். அதனால் நீ போனதும் பூட்டிக் கிடக்கிற வீடு எது என்று கேள். அங்கிருந்து தொடங்கு.

ஏன் என்று சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக்காரர்கள் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் எங்கள் அடுக்களை மூலையில் ஒழுக ஆரம்பித்தது. அம்மா அண்டாவை வைத்தாள். அப்பா இரண்டு தடவை ஏறி ஓடு மாற்றினார். ஒழுக்கு நிற்கவில்லை. ஓடு சரிந்திருந்தது பக்கத்து வீட்டில். அங்கே விழுந்த தண்ணீர் சுவர் தலையில் கிடந்த உத்தரத்தின் வழியாக ஊர்ந்து எங்கள் பக்கம் வந்து சொட்டியது. மண்சாந்து வைத்துக் கட்டிய நடுச்சுவர் அந்தப் பக்கமிருந்து மூன்று வருடமாக ஊறிக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பு பூசி வெள்ளையாகத்தான் இருந்தது. ஐப்பசியில் ஒரு ராத்திரி சுவர் அந்தப் பக்கமாகப் போய் விழுந்தது. அதன் மேல் கிடந்த கைமரம் இந்தப் பக்கம் இறங்கியது. உன் பெரிய அத்தை இடது காலைச் சற்றுச் சாய்த்து நடப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அந்த ராத்திரியில் வந்தது அது. தோட்டத்து ஆபீசில் அப்பா இரண்டு முறை சொல்லியிருந்தார். வாயால் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்து ஏன் முக்கியம் என்று பிறகு விளக்குகிறேன்.

பொன்முடி, மெர்ச்சிஸ்டன், பிரைமூர், போனக்காடு, எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பூட்டின வீடுகள் உனக்கு நிறையக் கிடைக்கும். பிள்ளைகள் கீழே விதுரைக்கும் நெடுமங்காட்டுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். போனக்காட்டில் தோட்டமே நின்று போய் வருடங்கள் ஆகின்றன. அங்கே பழைய பங்களாவில் பேய் இருக்கிறதென்று பார்க்க நகரத்துப் பையன்கள் பைக்கில் வருகிறார்கள். அந்த வழியில் இடிந்த லயங்களில் இன்னும் மனிதர்கள் குடியிருப்பதைப் பார்க்கத்தான் ஆள் வர வேண்டும்.

சாவி கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டில் அனுமதி கேட்டு, ஏணி வைத்து, நடுச்சுவரின் தலைப்பக்கம் டார்ச் அடித்துப் பார். கைமரம் சுவரில் போய் உட்காரும் இடம்தான் முதலில் அழுகும். அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார். நல்ல மரம் குத்தவிடாது. கரையான் தின்ற மரம் மேலே பெயின்ட் மினுங்க நிற்கும், குத்தினால் கைப்பிடி வரை இறங்கும். தகரமோ அஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ போட்டிருந்தால் போல்ட்டின் அடியில் துரு பார். அஸ்பெஸ்டாஸை உடைக்காதே, துளை போடாதே, அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பழைய ஷீட்டின் மேல் கால் வைக்கவே வைக்காதே. எத்தனையோ பேர் அப்படி விழுந்திருக்கிறார்கள்.

கரண்டிலும் இதே கதைதான். ஒரு மீட்டரிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஒயர் இழுத்திருப்பார்கள். அது தகரத்தின் மேல் கிடந்து வெயிலிலும் மழையிலும் தோலுரிந்தால் ஆறு வீட்டுக் கூரையும் சேர்ந்து ஷாக் அடிக்கும். தகரத்தில் டெஸ்டர் எரிந்தால் எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு மின்வாரியத்துக்குப் போன் பண்ணு, நீயாக எதையும் கழற்றாதே. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர் இருக்கிறதா, எர்த் கம்பி உண்மையாகவே மண்ணுக்குள் போகிறதா, இந்த இரண்டையும் பார்க்காமல் வராதே. துலாவர்ஷ காலத்தில், அதாவது ஐப்பசி மழைக்காலத்தில், மத்தியானத்துக்கு மேல் அந்த மலையில் இடி எப்படி இறங்கும் என்று அங்கே இருக்கிறவர்களைக் கேள்.

இனி சுவர். விரிசல் எல்லாம் ஒன்றில்லை. பூச்சில் மட்டும் தலைமுடி போல் ஓடுவதற்குப் பயப்பட வேண்டாம். வாசல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறினால் அடிமானம் ஒரு பக்கம் உட்காருகிறது. நடுச்சுவரும் முன்சுவரும் சேரும் மூலையில் நெட்டுக்குத்தாக ஓடினால் இரண்டும் பிரிகின்றன. கூரைக்குக் கீழே படுக்கையாக ஓடினால் கைமரங்கள் சுவரை வெளியே தள்ளுகின்றன. தூக்குக்குண்டைப் பிடித்தால் உடனே தெரிந்துவிடும். அகலத்தைக் கண்ணால் மதிப்பிடாதே, அளந்து எழுது. 5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தனித்தாளில் எழுது. அதைவிட முக்கியம், விரிசல் நின்றுவிட்டதா இன்னும் நடக்கிறதா என்பது. அதற்குப் பழைய கொத்தனார்களின் வழி ஒன்று இருக்கிறது. மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமென்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிடு. சுவர் அசைந்தால் கண்ணாடி தெறிக்கும். அந்த வீட்டுப் பாட்டியிடம் சொல்லி வை, அவள் தினமும் பார்த்துக்கொள்வாள்.

தேதி என்றேன் அல்லவா, அதில்தான் விஷயம் இருக்கிறது. 1951-ம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதையும் அதைப் பராமரிப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது. 1981-ல் அதில் திருத்தம் வந்தது. கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ செத்தாலும் காயப்பட்டாலும் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும், ஆனால் இடிந்ததற்குக் குடியிருப்பவரின் தவறோ இயற்கைச் சீற்றமோ மட்டும் காரணமாக இருந்தால் தர வேண்டியதில்லை என்றது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கின்றன. விதி எண்கள் மாறலாம், கேள்வி மாறாது. சுவர் விழுந்த மறுநாள் எல்லோரும் மழையைத்தான் கை காட்டுவார்கள். சித்திரையிலேயே இந்த விரிசல் 6 மில்லிமீட்டர் இருந்தது என்று கையெழுத்தும் தேதியும் போட்ட ஒரு தாள் இருந்தால் மழை மேல் மட்டும் பழி போட முடியாது. எங்கள் அப்பாவிடம் அந்தத் தாள் இல்லை. நீ எழுதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி அந்த வீட்டில் இருக்கும்படி செய். போட்டோ எடுத்தால் அவர்கள் போனுக்கும் அனுப்பு.

சுவரை முடித்துவிட்டு லயத்துக்குப் பின்னால் ஏறிப் போ. பொன்முடி 1,100 மீட்டர் உயரம். கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற மலை. அங்கே லயம் கட்ட இடம் வேண்டுமென்றால் சரிவை வெட்டித்தான் எடுத்திருப்பார்கள். வெட்டிய மண்ணைத் தாங்கும் கருங்கல் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா பார். அதில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் அடைந்திருந்தால் மழைத் தண்ணீர் முழுக்க உள்ளே நின்று தள்ளும். மேலே தேயிலைக்கு நடுவில் தண்ணீர் வடியக் கான் வெட்டியிருப்பார்கள். தோட்டம் நடந்தால் வருடாவருடம் கான் எடுப்பார்கள், நின்றுபோன தோட்டத்தில் யார் எடுப்பது? கான் தூர்ந்தால் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு இறங்கி லயத்தின் முதுகில் வந்து நிற்கும். தரையில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் ஊற்று, நேற்று வரை மூடிய கதவு இன்று மூட மறுப்பது, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைவது அல்லது கலங்குவது. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு உன் மேலதிகாரியைக் கூப்பிடு.

மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த லயங்களை மலை வந்து மூடியது. 70 உயிர் போனது. பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர்கள், தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து போனவர்கள். இலங்கையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியாபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயன் வரிசைகள் மண்ணுக்குள் போயின. அங்கே அரசின் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005-லும் 2011-லும் வந்து பார்த்து, இது ஆபத்தான இடம், ஆட்களை மாற்றுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பார்க்கிற வேலை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே குடிவைப்பது, யார் செலவில், எந்தத் தேதிக்குள் என்று யாரும் முடிவுவரை விடாமல் கேட்டதாகத் தெரியவில்லை. பொன்முடியிலேயே 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எச்சரிக்கை வந்தபோது லயங்களில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களை விதுரை ஆனப்பாறைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். நல்ல காரியம். புயல் போன பிறகு அவர்கள் திரும்பிப் போனது அதே கூரைக்குக் கீழேதான்.

ஒன்றை மறக்காதே. “இது ஆபத்து” என்று நீ எழுதும்போது, வீட்டை விட்டுப் போகச் சொல்வார்களோ என்றுதான் அவர்கள் காதில் விழும். பணி முடிந்தும் கிராஜுவிட்டி கைக்கு வராத வயசாளிகள், பணம் வரும்வரை அந்தச் சாவியை விட மாட்டார்கள். அது ஒன்றுதான் அவர்களிடம் இருக்கும் பிடி. அதனால் ஒழுக்கை மறைப்பார்கள், விரிசலின் மேல் காலண்டர் மாட்டியிருப்பார்கள். காலண்டரை நீயாக விலக்காதே. முதலில் உட்கார். கட்டன் சாயா தந்தால் குடி. மழை வந்தால் ராத்திரி கட்டிலை எந்தப் பக்கம் இழுத்துப் போடுவீர்கள் என்று கேள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் கூரையின் முழு வரைபடமும் கிடைத்துவிடும். பெண்களிடம் கேள், ஏனென்றால் பாத்திரம் வைப்பது அவர்கள்தான்.

முடிந்தால் எடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கின பிறகு இன்னொரு தடவை, கொட்டுகிற மழையிலேயே போ. வெயிலில் பார்த்த லயம் வேறு, மழையில் பார்க்கிற லயம் வேறு. அட்டைக்கு மூக்குப்பொடி கொண்டு போ.

கண்ணாடித் துண்டு இருபது வெட்டி வைத்திருக்கிறேன், விரல் நீளத்துக்கு. பழைய செய்தித்தாளில் சுற்றிப் பழைய சாப்பாட்டு டப்பாவில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வரும்போது கொடுத்துவிடுகிறேன். ஓரம் கூராக இருக்கும், பார்த்து எடு.

அன்புடன்,
பெரியப்பா