நாள்தோறும் இரு மூச்சு

சென்ற மார்கழியில் ஓரிரவு. குகட்பள்ளி விடுதி அறையில் படுக்கவும் முடியாமல், படுக்கையில் குந்தியபடி விடியலை எதிர்பார்த்திருந்தேன். மார்பில் சீழ்க்கை ஒலி. இரண்டு சொற்களுக்கு மேல் பேச வரவில்லை. அறைத்தோழர் ஆட்டோ பிடித்து மருத்துவமனையில் சேர்த்தார்.

பிழை என்னுடையதே. ஐந்து திங்கள் நலமாக இருந்தேன். நலமாயிருக்கையில் மருந்து எதற்கென்று, நாள்தோறும் இழுத்துவந்த இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். “ஸ்டீராய்டாமே, உடம்பைக் கெடுக்கும், விட்டுவிடப்பா” என்று ஊரிலிருந்து அம்மாவும் சொல்லியிருந்தார். அப்பிழையை நம்மில் வேறெவரும் செய்யலாகாது என்பதற்கே இக்கட்டுரை.

ஆஸ்துமா என்னும் இரைப்பு நோயில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் அழன்று வீங்கியிருக்கும். புழுதியோ, புகையோ, குளிர்காற்றோ பட்டால் குழாயைச் சுற்றிய தசை சுருங்கும், கோழை பெருகும், காற்றின் வழி குறுகும். இரைப்பு இல்லாத நாளிலும் அழற்சி உள்ளே இருக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதுதான் இது.

மருந்துகள் இரு வகை. சால்பியூட்டமால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தணிக்காது. புடெசொனைடு, பெக்ளோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் அழற்சியைத் தணிக்கும். ஆனால் அதற்கு நாட்களும் வாரங்களும் ஆகும். உடனே பயன் தெரியாததால் பலர் இரண்டாவதைக் கைவிட்டு, முதலாவதையே நம்புகின்றனர். அது தீங்கு என்று ‘ஜினா’ எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பு 2019-ல் தெளிவாகவே அறிவித்தது.

அம்மாவின் அச்சத்திற்கும் காரணம் உண்டு. 1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் கார்ட்டிசோன் மூட்டு நோயாளர்க்கு முதன்முதல் கொடுக்கப்பட்டது. 1950-ல் அத்துறைக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் நெடுங்காலம் உட்கொண்டவர்க்கு முகம் வீங்கிற்று, எலும்பு மெலிந்தது. மருந்தை நுரையீரலுக்கே அனுப்பினால் என்ன? அளவிட்டுத் தெளிக்கும் இன்ஹேலர் 1956-ல் வந்தது. 1972-ல் பெக்ளோமெத்தசோன் அவ்வடிவில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

கணக்கைப் பாருங்கள். கடும் இரைப்பின்போது பெரியவர்க்குத் தரும் பிரட்னிசொலோன் மாத்திரை, நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அளவில் இருக்கும். இழுக்கும் புடெசொனைடின் குறைந்த அளவோ 200 முதல் 400 மைக்ரோகிராம். 1000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். இரண்டின் வீரியமும் வேறாதலால் இது நேரான ஒப்பு அன்று. எனினும் வேறுபாடு விளங்கும். விழுங்கப்படும் புடெசொனைடிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது.

ஆயினும் தீங்கே இல்லை என்று சொல்லேன். வாயில் வெண்பூஞ்சை படியலாம், குரல் கம்மலாம். மிகுந்த அளவில் பல்லாண்டு கொண்டால் எலும்பும் கண்ணும் அட்ரினல் சுரப்பியும் தாக்குறலாம். ஆகவே நோயை அடக்கும் மிகக் குறைந்த அளவே நல்லது. மூன்று திங்கள் போல நோய் அடங்கியிருந்தால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். நாமாக நிறுத்துதல் கூடாது. படர்தாமரைக்கு இட்ரகோனசோல் உட்கொள்ள நேர்ந்தால், இன்ஹேலர் பயன்படுத்துவதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது ஸ்டீராய்டை உடலில் தேங்கச் செய்யும்.

இழுக்கும் முறையும் முக்கியம். தெளிப்பு வகையைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்திய நொடியில் மெதுவாக ஆழ்ந்து இழுத்து, பத்து நொடி அடக்க வேண்டும். ஸ்பேசர் குழலை இணைத்தால் மருந்து தொண்டையில் படிவது குறையும். பொடி வகையை வேகமாக இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதக்கூடாது. எதுவாயினும் முடிவில் வாய் கொப்பளித்துத் துப்புக. சால்பியூட்டமாலுக்கும் அடங்காமல் பேச்சு தடைப்பட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விடியும்வரை என்னைப்போல் காத்திராதீர். உடனே மருத்துவமனைக்குச் செல்க. அமைதியான நாளில் ஆலோசனை பெற, குகட்பள்ளியிலிருந்து மெட்ரோவில் நான்காவது நிலையமான எர்ரகட்டாவில் அரசு மார்பு நோய் மருத்துவமனை இருக்கிறது.

நம் நகரத்தின் மற்றொரு வழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஜூன் மாதத்தில், மிருகசீரிடக் கார்த்தியன்று, நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடுவர். மருந்து வைத்த சிறு விரால் மீனை உயிரோடு விழுங்குவர். 1845 முதல் நடந்துவருவதாக அதனை வழங்கும் பத்தினி கௌடு குடும்பத்தார் கூறுகின்றனர். அது ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்பது முறையான ஆய்வில் மெய்ப்பிக்கப்படவில்லை. “நீயும் ஒருமுறை போய் வாயேன்” என்றார் அம்மா. அங்கு நிற்பவர்களை நான் இகழேன். ஒரே நாளில் தீர்ந்துவிடாதா என்னும் அவர்களது ஏக்கம்தானே ஐந்தாம் திங்களில் என்னையும் ஏமாற்றியது?

“போகிறவர் போகட்டும், அம்மா, நான் இன்ஹேலரை விடமாட்டேன்” என்றேன். காலை ஒரு மூச்சு, இரவு ஒரு மூச்சு என மருத்துவர் எனக்கு வகுத்த கணக்கையும் விளக்கினேன். இப்போது இரவில் தொலைபேசியில் அவர் கேட்கும் முதற்கேள்வி, “வாய் கொப்பளித்தாயா?” என்பதுதான்.

நண்பர்களே, உங்கள் மேசை இழுப்பறையில் மறந்து கிடக்கும் இன்ஹேலரை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். மருந்து தீர்ந்ததா, காலம் கடந்ததா என்று பாருங்கள். மறுநாள் மருத்துவரைக் கண்டு, முறையாக மீண்டும் தொடங்குங்கள்.